கருப்பையில் தோன்றும் நார்க்கட்டிகள்

அலிபிரியில் குடியிருப்பவர்களுக்கு மலையேறும் மக்களைக் காண்பது அன்றாட நிகழ்ச்சி. அடிவாரத்திலிருந்து திருமலை வரை ஏறத்தாழ 3550 படிகள். காலி கோபுரத்தை அடையும் வரை ஏற்றம் செங்குத்தானது. என் தந்தையார் பிழைப்பை நாடி ஆர்க்காட்டை விட்டு இங்கு வந்து தையற்கடை வைத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்று முதல், ஆரணி, குடியாத்தம், ராணிப்பேட்டைப் பக்கத்து உறவினர் அனைவருக்கும் எங்கள் வீடே சத்திரம். மூட்டையை எங்கள் திண்ணையில் வைத்துவிட்டு மலையேறுவார்கள். இறங்கி வந்து சோறு உண்டு ஊர் திரும்புவார்கள்.

சென்ற ஆண்டு புரட்டாசியில் என் பெரியம்மா வந்தார். வயது நாற்பத்து மூன்று. ராணிப்பேட்டையில் காலணி செய்யும் தொழிற்சாலையொன்றில் தையற் பிரிவில் வேலை. நடந்தே ஏறுவதாக வேண்டுதல். நானும் உடன் சென்றேன். இருநூறு படிகள்கூட ஏறியிருக்க மாட்டோம். பெரியம்மா ஓரமாக அமர்ந்துவிட்டார். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, உதடு வெளுத்திருந்தது. எழுபது வயதுக் கிழவி ஒருத்தி படிக்குப் படி மஞ்சள் பூசிக்கொண்டு எங்களைக் கடந்து போனாள். "கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும் கண்ணு" என்றார் பெரியம்மா. நான் அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை.

திரும்பி இறங்கிவிட்டோம். அன்றிரவுதான் அவர் வாய் திறந்தார். இரண்டு ஆண்டுகளாக மாதவிலக்கு பத்து நாள் நீடிக்கிறதாம். கட்டி கட்டியாகப் போகிறதாம். தொழிற்சாலையில் மேற்பார்வையாளரிடம் மணிக்கொரு முறை விடுப்புக் கேட்க நாணி, இரண்டு அணையாடைகளை ஒன்றன்மேலொன்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். ஊரில் ஒரு தனியார் மருத்துவ விடுதியில் 'ஸ்கேன்' எடுத்தார்கள். "ஆறு சென்டிமீட்டர் கட்டி, கருப்பையை எடுத்துவிட வேண்டும், விட்டால் புற்றுநோய் ஆகிவிடும்" என்று சொல்லி நாளும் குறித்துவிட்டார்கள். பெரியப்பா வட்டிக்குப் பணமும் வாங்கிவிட்டார். அறுவைக்கு முன் ஏழுமலையானைப் பார்த்துவிட வேண்டும் என்றே பெரியம்மா வந்திருந்தார். மஞ்சள் பையில் சேலைக்கடியில் அந்த ஸ்கேன் அறிக்கை இருந்தது.

நான் விலங்கியலில் முதுகலை படிப்பவள்; மருத்துவம் படித்தவள் அல்லேன். ஆயினும் அந்த ஒரு தாளைப் புரிந்துகொள்வதற்காக அடுத்த சில வாரங்கள் நூலகத்தில் படித்ததும், மருத்துவர்களிடம் கேட்டறிந்ததும் ஒரு நூலளவு இருக்கும். அவற்றுள் இன்றியமையாதவற்றை நம் சங்க மலருக்கு எழுதலானேன். "இதையெல்லாம் மலரில் எழுதலாமா?" என்று நண்பர் ஒருவர் வினவினார். அவர் வீட்டிலும் தாயும் தமக்கையும் இருக்கிறார்கள். ஆகவே ஆடவரும் படிக்கவேண்டும் என்றே எழுதுகிறேன்.

முதலில் அக்கட்டி யாதென்று பார்ப்போம். கருப்பையின் சுவர் பெரும்பாலும் தசையால் ஆனது. இத்தசை நம் விருப்பப்படி இயங்காத மென்தசை வகையைச் சேர்ந்தது. அச்சுவரிலுள்ள ஒரே ஓர் உயிரணு, தன் கட்டுப்பாட்டை இழந்து, பெருகிப் பெருகித் தன்னைச் சுற்றி நாரையும் சேர்த்துக்கொண்டு உருண்டையாக வளர்வதே நார்க்கட்டி. ஆங்கிலத்தில் இதனை ஃபைப்ராய்டு என்பர். மருத்துவர் எழுத்தில் மயோமா என்றும் இருக்கும். இரண்டும் ஒன்றே. இது நாரினால் ஆன கட்டி என்று முன்பு கருதப்பட்டது. 1854-இல் ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஃபிர்க்கோ இது தசையணுக்களிலிருந்து தோன்றுவதென நுண்ணோக்காடியின் துணையால் காட்டினார். அறுத்துப் பார்த்தால் உள்ளே வெண்மையாக, சுழல் சுழலாக, இறுகச் சுற்றிய நூற்கண்டு போல இருக்கும். தையற்கடைக்காரர் மகளுக்கு வேறு உவமை தோன்றவில்லை.

ஒரு கருப்பையில் ஒரு கட்டியே இருக்கலாம். பத்து இருபதும் இருக்கலாம். ஒவ்வொன்றும் தனித்தனி உயிரணுவிலிருந்து கிளம்பியது. ஒன்று மற்றொன்றாகப் பரவுவதில்லை. 2011-இல் ஹெல்சின்கி நகரத்து ஆராய்ச்சியாளர்கள், இக்கட்டிகளில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் 'மெட்12' என்ற ஒரே மரபணுவில் பிழை நேர்ந்திருப்பதைக் கண்டு வெளியிட்டார்கள். அப்பிழை ஏன் நேர்கிறது என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை. கட்டி வளர்வதற்கு உரமாவன ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் என்னும் இரண்டு ஹார்மோன்கள். ஆதலின் பூப்படையாத சிறுமியருக்கு இது வருவதில்லை; மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் தானே சுருங்குகிறது. தாய்க்கோ தமக்கைக்கோ இருந்தால் வரும் வாய்ப்பு மிகுதி. குழந்தை பெற்றவர்களுக்கு வாய்ப்புச் சற்றுக் குறைவு. உடற்சூட்டால் வருவது, தையல் எந்திரத்தை மிதிப்பதால் வருவது, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையால் வருவது என்றெல்லாம் எங்கள் பக்கத்தில் சொல்லுவார்கள். இவற்றுக்கு ஆதாரம் இல்லை.

இது அரிய நோயும் அன்று. அமெரிக்காவில் ஸ்கேன் மூலம் ஆராய்ந்தபோது, ஐம்பது வயதை எட்டுவதற்குள் வெள்ளை இனப் பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 70 பேருக்கும், கறுப்பு இனப் பெண்களில் 80 பேருக்கு மேலும் நார்க்கட்டி இருந்தது தெரியவந்தது. அவர்களுள் பலர் தமக்குக் கட்டி இருப்பதையே அறியாதவர்கள். வலியுமில்லை, உதிரப்போக்குமில்லை. அத்தகைய கட்டிக்கு எம்மருத்துவமும் வேண்டுவதில்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப்போய், "கட்டி இருக்கிறது" என்று கேட்டு நடுங்கிப் போகிறவர்கள் இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புற்றுநோய் அச்சத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரியம்மாவை அச்சுறுத்தியதே அந்தச் சொல்தான். நார்க்கட்டி புற்று அன்று. கருப்பைத் தசையில் தோன்றும் புற்றுநோய் ஒன்று உண்டு. அது மிக அரிது. நார்க்கட்டி என எண்ணி அறுவை செய்யப்பட்டவற்றுள் 100-க்கு ஒன்றுக்கும் மிகக் குறைவாகவே காணப்படுகிறது. அதுவும் பெரும்பாலும் தனியே தோன்றுவதென்றும், பழைய நார்க்கட்டி திரிந்து அவ்வாறாவதன்று என்றும் அறிஞர் கருதுகின்றனர். ஆனால் ஒன்று: மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பின் சிறிதளவு உதிரம் கண்டாலும், நின்றபின் கட்டி வளர்ந்தாலும், அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நாற்பதைக் கடந்தவர்களுக்கு உதிரப்போக்கு முறை தவறினால், கருப்பையின் உட்சவ்விலிருந்து துளி எடுத்துச் சோதிப்பதும் வழக்கம். பெரியம்மாவுக்குக் கருப்பையை எடுக்க நாள் குறித்தவர்கள் இந்தச் சிறு சோதனையைச் செய்திருக்கவில்லை.

இனி, கட்டியின் இருப்பிடம். இக்கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருப்பவர்கள் இதைப் படியுங்கள். கருப்பையை ஒரு சிறு அறை என்று கொள்வோம். கட்டி அறையின் வெளிச்சுவரில் புடைத்துக்கொண்டிருக்கலாம். சுவரின் கனத்துக்குள்ளேயே புதைந்திருக்கலாம். அல்லது உட்சுவரிலிருந்து அறைக்குள் துருத்திக்கொண்டிருக்கலாம். சில, காம்பு வைத்துத் தொங்குவதும் உண்டு. வெளியே வளர்வது தேங்காயளவு ஆனாலும் மாதவிலக்கைப் பெரிதும் பாதிப்பதில்லை. முன்னால் இருந்தால் சிறுநீர்ப்பையை அழுத்தி அடிக்கடி நீர்பிரியச் செய்யும், பின்னால் இருந்தால் மலச்சிக்கல் தரும், அடிவயிறு கனக்கும். உள்ளே துருத்தும் கட்டியோ நெல்லிக்காயளவே இருந்தாலும் உட்சவ்வை விரித்து, அங்குள்ள இரத்தக் குழாய்களைப் பெருக்கி, வெள்ளமாக உதிரத்தைக் கொட்டச் செய்யும். கருத்தரிப்பதைத் தடுப்பதும், கருச்சிதைவுக்குக் காரணமாவதும் பெரும்பாலும் இந்த உட்கட்டியே. எனவே "எத்தனை சென்டிமீட்டர்?" என்ற கேள்வியோடு "எங்கே இருக்கிறது?" என்ற கேள்வியையும் கட்டாயம் கேட்க வேண்டும்.

பெரியம்மாவின் அறிக்கையில் இரண்டு கட்டிகள் குறிக்கப்பட்டிருந்தன. ஆறு சென்டிமீட்டர்க் கட்டி வெளிச்சுவரில். இரண்டரை சென்டிமீட்டரில் மற்றொன்று, கருப்பையின் உட்குழியில். எல்லாரும் பேசியது ஆறு சென்டிமீட்டரைப் பற்றியே.

ஸ்கேன் என்று சொன்னவுடன் ஓர் இனிய வரலாறு நினைவுக்கு வருகிறது. கப்பல்களும் கொதிகலன்களும் கட்டும் இடங்களில் உலோகத்தினுள் விரிசல் உண்டா எனப் பார்க்க, காதுக்குக் கேளாத உயர் அதிர்வொலியைச் செலுத்தி எதிரொலியைப் பதிவு செய்வார்கள். 1955-இல் கிளாஸ்கோ நகரத்து மகப்பேற்று மருத்துவர் இயான் டொனால்டு, அறுவையில் எடுத்த நார்க்கட்டிகளையும் நீர்க்கட்டிகளையும் மோட்டார் கார்களில் ஏற்றிக்கொண்டு, பாப்காக் அண்டு வில்காக்ஸ் என்னும் கொதிகலன் நிறுவனத்துக்குச் சென்றார். அங்கிருந்த கருவியை அக்கட்டிகள்மேல் வைத்துப் பார்த்தபோது, நீர் நிறைந்த கட்டியும் கெட்டியான நார்க்கட்டியும் வெவ்வேறு வகையாக எதிரொலித்தன! 1958-இல் அவரும் மெக்விகார், பிரவுன் என்ற இருவரும் இம்முறையை 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். இன்று கருவிலுள்ள குழந்தையைத் திரையில் காட்டும் கருவியின் முதற் சோதனைப் பொருள்களுள் ஒன்று நார்க்கட்டியே. இதில் எக்ஸ்-கதிர் இல்லை, ஒலிதான். ஆகவே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க அஞ்ச வேண்டியதில்லை.

நிற்க. பெரியம்மா ஏன் படியில் உட்கார்ந்தார்? கணக்காகவே பார்க்கலாம். மறுநாள் இங்குள்ள அரசு மருத்துவமனையொன்றில் இரத்தம் சோதித்தோம். ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டருக்கு 6.8 கிராம். பெண்களுக்கு 12 கிராமுக்குக் குறைந்தாலே சோகை. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லிலிட்டர் உயிர்வளியைச் சுமக்கும். அப்படியானால் 13.6 கிராம் உள்ள ஒருவரின் இரத்தம் 100 மில்லிலிட்டருக்கு 18 மில்லிலிட்டர் உயிர்வளியைக் கொண்டுசெல்ல, பெரியம்மாவின் இரத்தம் 9-ஐத்தான் கொண்டுசெல்லும். சமதரையில் இதயம் விரைந்து அடித்து அக்குறையை ஈடு செய்துவிடுகிறது. அதனால்தான் இரண்டாண்டுகள் தொழிற்சாலைக்கும் போய் வீட்டு வேலையும் செய்துகொண்டிருக்க முடிந்தது. படியேறும்போது தசைகள் பன்மடங்கு உயிர்வளி கேட்கின்றன; இதயமோ ஏற்கெனவே கையிருப்பையெல்லாம் செலவழித்துவிட்டது.

சத்துணவு உண்டால் இது தீராதா என்று கேட்கலாம். கேட்டேன். ஒரு லிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 500 மில்லிகிராம் இரும்பு உண்டு. இயல்பான மாதவிலக்கில் 30, 40 மில்லிலிட்டர் உதிரம் போகும். அதாவது 20 மில்லிகிராமுக்குட்பட்ட இரும்பு. 80 மில்லிலிட்டருக்கு மேற்பட்டால் அது மிகை உதிரப்போக்கு. பெரியம்மாவைப்போல் 200 மில்லிலிட்டர் போகிறவர்களுக்கு, இரத்தம் நல்ல நிலையில் இருந்தால் மாதம் 100 மில்லிகிராம் இழப்பு. நம் குடலோ நாளொன்றுக்கு ஒன்று, இரண்டு மில்லிகிராம் இரும்பையே ஏற்கும். சோகை உண்டானால் சற்றுக் கூட ஏற்கும். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் நல்லவையே. ஆனால் ஓட்டைக் குடத்தில் நீர் வார்த்து என்ன பயன்? முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினர் சோகையுற்றவர்கள். அனைவருக்கும் நார்க்கட்டி என்பதன்று. எனினும் "பொம்பளைன்னா அப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிடப்படும் உதிரப்போக்குக்கு அதில் ஒரு பங்கு உண்டு.

ஏழு நாளைக் கடந்து போகிறதா, மணிக்கொரு முறை அணையாடை மாற்ற நேர்கிறதா, பெரிய கட்டிகளாக விழுகிறதா, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா, இவற்றுள் ஒன்று இருந்தாலும் அது மருத்துவரிடம் சொல்லவேண்டிய செய்தி. அளவு தெரியாமல் நாம் எதையும் இயல்பென்று எண்ணிக்கொள்கிறோம். என் பெரியம்மா தம் தாயாருக்கும் இப்படியே போனதால் அதுவே வழக்கம் என்று நினைத்தாராம். வலியைப் பற்றியும் ஒரு சொல்: நார்க்கட்டியில் பலருக்கு வலியே இராது, காம்பு முறுகினாலோ, கருவுற்ற காலத்தில் கட்டிக்குள் இரத்தவோட்டம் குறைந்தாலோ கடும் வலி எழும்.

திருப்பதிக்கே உரிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலைக்கு வரும் நாளில் மாதவிலக்கு வந்துவிடக்கூடாதென்று பெண்கள் மருந்துக்கடையில் 'தள்ளிப்போடும் மாத்திரை' வாங்கி விழுங்குவது ஊரறிந்த செய்தி. அதில் இருப்பது நாரெதிஸ்டிரோன். புரொஜெஸ்டிரோனைப் போன்று வேலை செய்யும் மருந்து. அதனை உண்ணும்வரை உட்சவ்வு கழலாது. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரம் வரும். மருத்துவர் கொடுத்தால் அது நல்ல மருந்தே. ஆனால் காலில் இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கும், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்களுக்கும் அது தகாது. கடைக்காரர் இவற்றையெல்லாம் கேட்பதில்லை. கேட்டாலும் நம்மவர் சொல்லப்போவதில்லை. பெரியம்மா அம்முறையும் ஆறு மாத்திரை விழுங்கிவிட்டே புறப்பட்டிருந்தார்.

இப்போது மருத்துவ முறைகளுக்கு வருவோம். அரசு மருத்துவமனையில் எங்களைப் பார்த்த அம்மையார் பெரியம்மாவை நோக்கி நான்கு கேள்வி கேட்டார். வயதென்ன, குழந்தைகள் எத்தனை, இனி வேண்டுமா, உங்களுக்கு எது மிகவும் தொல்லையாக இருக்கிறது? கடைசிக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை என்று பெரியம்மா பின்னர் சொன்னார்.

தொல்லை இல்லாத கட்டியைச் சும்மா விட்டு ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கொள்வதே முதல் முறை. உதிரப்போக்கைக் குறைக்க மாத்திரைகள் உண்டு. அவற்றுள் டிரானெக்சாமிக் அமிலம் என்பது ஹார்மோன் அன்று; உறைந்த இரத்தம் விரைவில் கரைந்துவிடாமல் காப்பது. உதிரம் மிகுந்த நாட்களில் மட்டும் உண்டால் போதும். பிரசவத்தில் உதிரம் பெருகி இறக்கும் தாய்மாரைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு உழைத்த உதகோ ஒகமோட்டோ என்ற ஜப்பானிய அம்மையாரும் அவர் கணவரும் 1962-இல் உலகுக்கு அறிவித்த மருந்து இது. கருப்பையினுள் வைக்கும் ஹார்மோன் வளையம் ஒன்றுண்டு. அது சிறிது சிறிதாக லெவோநார்ஜெஸ்ட்ரலைக் கசியவிட்டு உட்சவ்வை மெலிதாக்கும். குழியின் வடிவத்தைக் கட்டி கோணலாக்கியிருந்தால் வளையம் வெளியே வந்துவிடக்கூடும். மூளையடிச் சுரப்பியின் வழியே சூற்பையைச் சில மாதங்கள் உறங்கவைத்துக் கட்டியைச் சுருக்கும் ஊசிகளும் உள்ளன. நீண்டநாள் தனியே கொடுத்தால் எலும்பு மெலியும் என்பதால் பெரும்பாலும் அறுவைக்குமுன் சிலகாலம் தருவர். அண்மையில், எலும்பு மெலியாதபடி சிறிதளவு ஹார்மோனையும் கூடவே சேர்த்த மாத்திரைகள் வந்துள்ளன. 2020, 2021 ஆண்டுகளில் அமெரிக்க அரசு இரண்டுக்கு ஒப்புதல் தந்தது. மருந்தை நிறுத்தினால் கட்டி பழைய அளவுக்கு வருவதும் உண்டு.

கட்டிக்குச் செல்லும் இரத்தக் குழாயை அடைத்து அதனைப் பட்டினி போடும் முறை தற்செயலாகக் கிடைத்தது. பாரிஸ் நகரத்தில் ராவினா என்ற மருத்துவர், அறுவையின்போது இரத்தம் மிகாமல் இருக்கட்டும் என்று முன்கூட்டியே கருப்பைத் தமனியில் நுண்துகள்களைச் செலுத்தி வந்தார். அறுவைக்குக் காத்திருந்த பெண்கள் சிலர், "எனக்குத் தொல்லையே இல்லை, அறுவை வேண்டாம்" என்று சொல்லிவிட்டனர்! 1995-இல் அதை அவர் வெளியிட்டார். தொடையிலோ மணிக்கட்டிலோ ஊசித்துளை வழியே குழாய் செலுத்திச் செய்வது, வயிற்றைக் கிழிப்பதில்லை. இனிக் குழந்தை வேண்டுவோர்க்கு வழக்கமாக இதனை முதலில் சொல்வதில்லை.

கருப்பையை வைத்துக்கொண்டு கட்டியை மட்டும் எடுக்கும் அறுவையும் உண்டு. வயிற்றைத் திறந்தும், சிறு துளைகள் வழியாகவும், உட்கட்டியாயின் வெளியே ஒரு கீறலும் இன்றிக் கருப்பை வாய் வழியே கருவி செலுத்தியும் செய்யலாம். இதனை ஒரு தொண்டாகவே மேற்கொண்டவர் லண்டன் மருத்துவர் விக்டர் பானி. அவருடைய மனைவிக்கு நார்க்கட்டியால் கடும் சோகை உண்டாகி, இளவயதிலேயே கருப்பை எடுக்கப்பட்டது; அவர்களுக்குக் குழந்தையில்லை. குழந்தை வேண்டும் பெண்ணிடமிருந்து தீங்கற்ற கட்டிகளுக்காகக் கருப்பையைப் பறிப்பது அறுவைக்கலையின் தோல்வி என்று கருதிய பானி, இரத்தம் சிந்தாமல் கட்டியை மட்டும் எடுக்க ஒரு பற்றுக்கருவி அமைத்தார். தம் முறைகளை 1946-இல் ஒரு நூலாகவும் எழுதினார். ஒன்று மறைக்கலாகாது: கட்டியை எடுத்தாலும் பின்னாளில் புதியன தோன்றக்கூடும்.

மீண்டும் வராமைக்கு உறுதி தருவது கருப்பையை அகற்றுவது ஒன்றே. பல பெரிய கட்டிகள், மற்ற முறைகளில் பயனின்மை, குழந்தைகள் போதும் என்ற நிலை இவையெல்லாம் கூடி, நோயாளியும் தெரிந்தே விரும்பினால், அதுவே நல்ல வழியாகவும் அமையும். அப்படிச் செய்துகொண்டு நலமாக வாழ்கிறவர்களை நான் அறிவேன். நான் வருந்துவது வேறொன்றுக்காக. நாங்கள் வாழும் இந்த ஆந்திர நாட்டில், மேற்சொன்ன தேசிய ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 9 சதவீதத்தினர் கருப்பை நீக்கப்பட்டவர்கள். இந்தியா முழுவதற்கும் அது 3 சதவீதம்தான். நாட்டளவில் பலருக்கு முப்பதுகளின் நடுப்பகுதிக்குள்ளேயே இது நடந்திருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில். பாதிக்கு மேற்பட்டோர் சொன்ன காரணம் மிகை உதிரப்போக்கு. 2007-இல் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ காப்பீட்டுத் திட்டத்தின்கீழ்த் தனியார் இடங்களில் இவ்வறுவை பெருகிற்று என்ற குறை எழுந்து, பின்னர் அரசு அதனை அரசு மருத்துவமனைகளுக்கே ஒதுக்கியதும் உண்டு. ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் தேவையற்று நடந்த கருப்பை நீக்கங்களைப் பற்றி நரேந்திர குப்தா என்ற மருத்துவர் 2013-இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 5 அன்று தீர்ப்பளித்தது. இதற்காக மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளை மூன்று மாதத்துக்குள் மேற்கொள்ளுமாறு மாநிலங்களைப் பணித்தது.

எண்கள் எண்களாகவே நின்றுவிடுகின்றன. எங்கள் தெருவில் பூக்கட்டி விற்கும் அக்கா ஒருத்தி. வயது முப்பத்து மூன்று. வெள்ளைபடுதலுக்காக மருத்துவரிடம் போய்க் கருப்பையின்றித் திரும்பியவர். சூற்பையையும் சேர்த்து எடுத்தார்களா என்று கேட்டேன். அது முக்கியமான கேள்வி; சூற்பையை இளவயதில் எடுத்துவிட்டால் அன்றே மாதவிலக்கு முற்றும் நின்றவர்போல் ஆகி, எலும்பும் இதயமும் காலத்துக்கு முன்பே தளரும். சூற்பையை விட்டுவைத்தாலும் அது சில ஆண்டுகள் முந்தியே ஓய்ந்துபோவதுண்டு. அக்காவுக்குத் தெரியவில்லை. "காகிதம் ஏதும் குடுத்தாங்களா?" என்றேன். "காசு கட்டின சீட்டு இருக்குது" என்றார்.

பெரியம்மாவின் கதையை முடித்துவிடுகிறேன். உட்சவ்வைச் சோதித்ததில் குறையொன்றும் இல்லை. உதிரத்தை நிறுத்த, அவர் கடையில் வாங்கி விழுங்கிய அதே நாரெதிஸ்டிரோனை, இம்முறை கேட்க வேண்டியவற்றைக் கேட்டபின் அளவோடு கொடுத்தார்கள். இரும்பை நரம்பு வழியே ஏற்றினார்கள். ஆறு வாரத்தில் ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டியது. அதன்பின் அந்த இரண்டரை சென்டிமீட்டர் உட்கட்டியைக் கருப்பை வாய் வழியாகச் சீவி எடுத்துவிட்டார்கள். மறுநாள் மாலையே வீட்டுக்கு வந்து, அம்மா வைத்த மிளகு ரசத்தில் உப்பில்லை என்று சொன்னார். அதற்கடுத்த மாதவிலக்கு ஐந்து நாளில் நின்றது. ஆறு சென்டிமீட்டர்க் கட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனால் அவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. மாதவிலக்கு நிற்கும் வயது வரை ஆண்டுக்கொருமுறை பார்த்துவரச் சொல்லியிருக்கிறார்கள்.

வட்டிக்கு வாங்கிய பணத்தில் பாதியைப் பெரியப்பா திருப்பிக் கொடுத்துவிட்டார். இம்முறை தைப் பொங்கலுக்குப் பின் வருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. ஸ்கேன் எடுப்பது ஒரு நாள், மலையேறுவது மறுநாள். ஹீமோகுளோபின் 12 ஆகாமல் படியில் கால் வைக்கக்கூடாதென்று நான் பதில் எழுதியிருக்கிறேன்.